கண்புரை ஆபரேஷனும் கண்ணுக்குள் நடக்கும் போரும்: எழும்பூரிலிருந்து மதுரை வரை ஒரு 200 ஆண்டு வரலாறு



மாலை நடைக்கு வரும் நம் மூத்தவர்களிடம் நலம் விசாரித்துப் பாருங்கள். “வலது கண் முடிஞ்சுது, இடது கண் தை பிறந்ததும்” என்று ஒருவராவது சொல்வார். பல் பிடுங்குவதைப் போல அவ்வளவு சாதாரணமாகிவிட்டது கண்புரை ஆபரேஷன். காலையில் போகிறோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கையில் ஒரு கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்துப் புட்டிகள், ஒரு தாள். தலைக்கு ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, சொட்டு மருந்து விடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வலியோ சிவப்போ பார்வை மங்கலோ இருந்தால் உடனே வர வேண்டும். இதுதான் அந்தத் தாளில் இருக்கும்.

அந்தத் தாளை நம்மில் பாதிப் பேர் முழுசாகப் படிப்பதில்லை. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் கண்ணை இழந்து எழுதிக் கொடுத்த வரி. அந்த வரிகள் எப்படி வந்தன என்ற வரலாற்றில் பெரும் பகுதி நம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதைத்தான் இந்த இதழில் சொல்ல நினைக்கிறேன். நான் பி.காம். படித்து வங்கியில் லெட்ஜர் புரட்டியவன், மருத்துவன் அல்ல. ஆகவே இதை வரலாறாகப் படியுங்கள். மருந்து விஷயத்தை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஊசியால் தள்ளிய காலம்

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பிறக்கும்போது பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும். வயதாக ஆக அது மங்கி, பழுப்பேறி, கடைசியில் வெளுத்துப் போகிறது. அதுதான் புரை. நம் நாட்டில் இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று இருந்தது. சுசுருதர் காலத்திலிருந்தே சொல்லப்படுகிற முறை அது. கூர்மையான ஊசியைக் கண்ணின் பக்கவாட்டில் செலுத்தி, மங்கிய லென்ஸைப் பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். லென்ஸை வெளியே எடுப்பதில்லை. கண்ணின் உள்ளே ஒரு மூலையில் அது கிடக்கும். வெளிச்சம் உள்ளே போகும். நோயாளிக்கு அந்த நிமிடமே விரல்கள் தெரியும்.

லென்ஸையே வெளியே எடுக்கும் முறையை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸில் ஜாக் தாவியேல் என்ற மருத்துவர் பரப்பினார். நம் பக்கம் தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னருக்குக் கண் மருத்துவத்தில் பெரிய ஈடுபாடு. தன்வந்திரி மஹால் என்று ஒரு மருத்துவ நிலையமே வைத்திருந்தார். கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகள், கண்ணின் படங்களுடன், சரஸ்வதி மஹால் நூலகத்தில் இன்றும் உள்ளன. நம் சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நோயாளிக்கு நோயாளி பதிவு வைத்துக்கொள்ளும் வழக்கம் அன்றைக்கே தஞ்சாவூரில் இருந்தது.

அதே காலத்தில் சென்னையில் 1819ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கியது. ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் பொறுப்பில் ராயப்பேட்டையில் ஆரம்பித்து, இடம் மாறி, கடைசியில் எழும்பூருக்கு வந்து சேர்ந்தது. நாம் ‘எழும்பூர் கண் ஆஸ்பத்திரி’ என்று சொல்கிற இடம்தான். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் 1805ல் தொடங்கியது. அதற்கு அடுத்து உலகின் இரண்டாவது பழமையான கண் மருத்துவமனை எழும்பூர்தான் என்று சொல்வார்கள். நந்தனத்திலிருந்து அண்ணா சாலை வழியாக அரை மணி நேரப் பயணம்.

எல்லியட் கணக்கெடுத்தார்

20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எழும்பூர் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எல்லியட். கண் அழுத்த நோய்க்கு அவர் கண்டுபிடித்த அறுவை முறை அவருக்கு உலகப் புகழ் கொடுத்தது. நம் கதைக்கு முக்கியம் அவருடைய இன்னொரு வேலை.

ஊசியால் புரையைத் தள்ளும் நாட்டு வைத்தியர்கள் அப்போதும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஊசி குத்திய அன்று பார்வை தெரியும், கூலி வாங்கிக்கொண்டு வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கண் கெட்ட பிறகு நோயாளி வந்து நிற்பது எழும்பூர் வாசலில். எல்லியட் இப்படி வந்தவர்களை நூற்றுக்கணக்கில் பரிசோதித்துக் குறிப்பெடுத்தார். கெட்டுப்போய் அகற்றப்பட்ட கண்களைச் சேகரித்து, வெட்டிப் பார்த்து, உள்ளே என்ன நடந்தது என்று ஆராய்ந்தார். 1917ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் இதைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றி, பிறகு ஒரு புத்தகமாகவும் எழுதினார்.

அவர் கண்டது என்ன? கண்களைக் கெடுத்த காரணங்களில் பெரியவை இரண்டு. ஒன்று, கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவது. மற்றொன்று, கண்ணுக்குள் அழற்சி. அழற்சி என்றால் சிவந்து, வீங்கி, வலித்து, திரவம் கோத்து, சில சமயம் சீழ் பிடிப்பது. கழுவாத ஊசியோடு கிருமி உள்ளே போனது ஒரு பக்கம். கிருமியைப் பார்த்த உடல் கிளப்பிவிட்ட எதிர்ப்பு இன்னொரு பக்கம்.

வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விட்டால் எந்தக் கணக்கும் லாபமாகத்தான் தெரியும். ஊர் வைத்தியரின் கணக்கில் அன்று பார்வை தெரிந்தவர் வரவு. ஒரு மாதம் கழித்துக் குருடானவர் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. எல்லியட் செய்தது விட்டுப்போன செலவுப் பக்கத்தை எழுதியது. கண்புரை அறுவைக்குப் பிந்தைய தொற்றைப் பற்றி இன்று உலகுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மாதிரிப் பொறுமையாகக் கணக்கு எழுதியவர்களால் வந்தது.

பூட்டிய அறையில் துப்பாக்கி கிடையாது

நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கண் தொற்று ‘மெட்ராஸ் ஐ’. கண் சிவக்கும், பீளை தள்ளும், வீடு முழுக்கப் பரவும், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாக அடங்கும். அது கண்ணின் மேற்பரப்பில் நடக்கிற விவகாரம். வாசல் திண்ணையில் நடக்கும் சச்சரவு மாதிரி. நான் சொல்லும் தொற்று கண்ணின் உள்ளே நடப்பது. மருத்துவர்கள் அதை எண்டாஃப்தால்மைடிஸ் என்பார்கள். உள்விழித் தொற்று என்று வைத்துக்கொள்வோம். இது வீட்டுக்குள் பீரோவரை வந்துவிட்ட திருட்டு.

உடம்பில் வேறெங்கே கிருமி நுழைந்தாலும் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் படையாகத் திரண்டு வரும். வரும்போது அக்கம்பக்கத்துத் திசுக்களும் கொஞ்சம் சேதமாகும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தழும்பு மிஞ்சும், அவ்வளவுதான். கண்ணில் தழும்பு விழுந்தால் பார்வை போச்சு. விழித்திரையின் நரம்புச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே இயற்கை கண்ணுக்குத் தனிச் சட்டம் வைத்திருக்கிறது.

இது தெரிய வந்த கதை சுவையானது. 1873ல் ஹாலந்தைச் சேர்ந்த வான் டோரமால் என்ற மருத்துவர், கண்ணின் முன்னறைக்குள் வைத்த அந்நியத் திசுக்கள் அங்கே வெகுநாள் உயிரோடு இருப்பதைக் கவனித்தார். 1948ல் இங்கிலாந்தின் பீட்டர் மெடவர் இதை ஆராய்ந்தார். வேறு இடத்தில் ஒட்டினால் உடல் நிராகரித்துவிடும் தோலை, கண்ணுக்குள் வைத்தால் உடல் பொறுத்துக்கொள்கிறது. நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக அவர் பின்னர் 1960ல் நோபல் பரிசு பெற்றார். 1970களிலிருந்து அமெரிக்காவில் வெய்ன் ஸ்ட்ரைலீனும் அவருடன் இருந்தவர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். கண் வெறுமனே ஒதுங்கி இருக்கவில்லை. ‘இங்கே அடக்கி வாசி’ என்று உடலின் எதிர்ப்புப் படைக்கே அது தகவல் அனுப்புகிறது. ஒருவர் தானம் செய்த கருவிழிப் படலம் இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்வதற்கு இந்த அடக்கமும் ஒரு பெரிய காரணம்.

வங்கியில் வேலை பார்த்தவன் பாஷையில் சொல்கிறேன். வாசலில் துப்பாக்கியோடு காவலாளி நிற்பார். ஸ்ட்ராங் ரூமுக்குள் யாரும் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. உள்ளே சுட்டால் திருடனோடு லாக்கரும் போகும். கண்ணும் அப்படித்தான். ரத்தக் குழாய்க்கும் கண்ணின் உட்பகுதிக்கும் நடுவே இறுக்கமான தடுப்புச் சுவர். உள்ளே அமைதி. யாராவது சுவரில் ஓட்டை போடாத வரைக்கும் இந்த ஏற்பாடு பிரமாதம்.

கண்புரை ஆபரேஷன் என்பது, எவ்வளவு நாசூக்காகச் செய்தாலும், அந்தச் சுவரில் போடும் ஓட்டைதான்.

நம் இமையிலேயே இருக்கிற ஆள்

கிருமி எங்கிருந்து உள்ளே போகிறது? ஆஸ்பத்திரித் தரையிலிருந்து, டாக்டர் கையிலிருந்து என்றெல்லாம் நினைப்போம். 1991ல் நியூயார்க்கில் மார்க் ஸ்பீக்கர் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் 17 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். கண்ணுக்குள் கிடைத்த கிருமியையும், அதே நோயாளியின் இமை, மூக்கு ஆகியவற்றில் இருந்த கிருமியையும் மரபணு முறையில் ஒப்பிட்டார்கள். 14 பேருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. ஆக, பெரும்பாலும் திருடன் வெளியூர்க்காரன் இல்லை. நம் தோலிலும் இமை ஓரத்திலும் சாதுவாக வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகைக் கிருமிதான் முக்கியக் குற்றவாளி. ஆபரேஷனுக்கு முன் கண்ணில் விடும் பழுப்பு நிற அயோடின் மருந்து இமையிலேயே அதன் கூட்டத்தைக் குறைக்கத்தான். அந்த மருந்தின் பலனையும் ஸ்பீக்கர் அதே 1991ல் காட்டினார்.

இங்கே ஓர் ஆச்சரியம். ஆபரேஷன் முடிந்தவுடன் கண்ணின் முன்னறைத் திரவத்தைச் சொட்டு எடுத்துச் சோதித்தால், கணிசமானவர்களின் கண்ணில் கிருமி இருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் உள்விழித் தொற்று வருவதோ ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக. அப்படியானால் மற்றவர்களின் கண்ணில் போன கிருமி என்ன ஆயிற்று?

நம் உடம்பு சத்தமில்லாமல் துடைத்துவிடுகிறது. முன்னறைத் திரவம் சுமார் 100 நிமிடத்துக்கு ஒருமுறை முழுதாக வடிந்து புதிதாக ஊறுகிறது. அதில் காம்ப்ளிமென்ட் என்று சொல்லப்படும் புரதங்கள் உண்டு. கிருமி மேல் ஒட்டிக்கொண்டு அதை அடையாளம் காட்டுவதும், ஓட்டை போடுவதும் அவற்றின் வேலை. 1985ல் அமெரிக்காவில் கினிப்பன்றிகளில் ஒரு சோதனை செய்தார்கள். நல்லபாம்பு விஷத்திலிருந்து எடுத்த ஒரு பொருளால் இந்தப் புரதங்களைத் தீர்த்துவிட்டு, கண்ணுக்குள் கிருமியைச் செலுத்தினார்கள். புரதம் இருந்த கண்கள் தாங்கிய அளவுக்கு, அது இல்லாத கண்கள் தாங்கவில்லை. உடலின் எதிர்ப்பு வேண்டாத தொல்லை அல்ல என்பதற்கு இது சாட்சி.

இன்னொரு காவல், லென்ஸ் இருந்த மெல்லிய பை. டாக்டர் லென்ஸை எடுத்தாலும் பையின் பின்சுவரை அப்படியே விட்டுவைக்கிறார். முன்னே இருக்கும் ஓடும் திரவத்துக்கும் பின்னே இருக்கும் ஜெல்லுக்கும் நடுவே அதுதான் தடுப்பு. பின்பக்க ஜெல் ஓடாது, மாறாது. கிருமிக்கு அது ஊட்டமான குட்டை. பின்சுவர் கிழிந்துபோனால் தொற்று வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. “பை கிழியாம நல்லபடியா முடிஞ்சுது” என்று டாக்டர் சொன்னால் அது எவ்வளவு நல்ல செய்தி என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

விமானியின் கண்ணில் ஒரு சில்லு

உள்ளே வைக்கும் லென்ஸ் கதையும் உடலின் எதிர்ப்பைப் பற்றியதுதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்களின் பெர்ஸ்பெக்ஸ் கூரை உடைந்து விமானிகளின் கண்களில் சில்லுகள் பாய்ந்தன. அவை வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்தும் கண் பெரிதாகச் சீறவில்லை. இதைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி, அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். நாம் இன்று வைத்துக்கொள்ளும் லென்ஸுக்கு அதுவே ஆரம்பம்.

உடலுக்குப் பிடித்த பொருள் கிருமிக்கும் பிடித்துவிட்டதுதான் சிக்கல். சில கிருமிகள் லென்ஸின் மேல் பாசி போலப் படலம் கட்டிக்கொள்கின்றன. படலத்துக்குள் மருந்தும் எளிதில் போகாது, வெள்ளை அணுவும் போகாது. வேறு சில கிருமிகள் பைக்குள் பதுங்கி, ஆபரேஷன் முடிந்து மாதங்கள் கழித்து மெதுவாகத் தலைகாட்டும். “அது போன வருஷம் செஞ்ச ஆபரேஷன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

போர் மூண்டால்

காவல்களை எல்லாம் மீறிக் கிருமி பெருகிவிட்டால் என்ன ஆகிறது? கண்ணில் உள்ள செல்களே முதலில் கிருமியை அடையாளம் கண்டு ரசாயன சமிக்ஞை அனுப்புகின்றன. தடுப்புச் சுவர் திறக்கிறது. வெள்ளை அணுக்கள் வெள்ளமாக வருகின்றன. கருவிழிக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கோடு போலச் சீழ் படிகிறது. அந்த அணுக்கள் கிருமியைக் கொல்ல உமிழும் அதே பொருள்கள் விழித்திரையையும் அரிக்கின்றன. கிருமியின் நஞ்சு ஒரு பக்கம், நம் படையின் தீ இன்னொரு பக்கம். ஆன்டிபயாடிக் கொடுத்து எல்லாக் கிருமியும் செத்த பிறகும் பார்வை திரும்பாமல் போவதற்கு இதுவும் காரணம். ஆகவேதான் மருத்துவர்கள் சில நேரம் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எப்போது, எவ்வளவு என்பதில் ஆய்வுகளின் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. முதலில் கிருமியை அடிக்க வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளுக்குள், கிருமியே இல்லாமல் கண் கடுமையாகச் சிவந்து மங்குவதுண்டு. கருவிகளில் ஒட்டிய சோப்பு, திரவத்தில் கலந்த ரசாயனம் போன்றவை காரணமாகும். அதற்கு ஸ்டீராய்டு நல்ல மருந்து. கிருமித் தொற்றுக்கு ஸ்டீராய்டு மட்டும் விட்டால் ஆபத்து. இரண்டும் கண்ணாடியில் பார்த்தால் ஒரே மாதிரி சிவப்புதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நாமாக ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று பாருங்கள்.

1995ல் அமெரிக்காவில் இப்படித் தொற்று வந்த 420 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. அதில் மூன்று செய்திகள் நமக்குத் தேவை. ஒன்று, ரத்தம் வழியாகச் செலுத்திய ஆன்டிபயாடிக் கூடுதல் பலன் தரவில்லை. மருந்தை நேராகக் கண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்த வேண்டியிருந்தது. இரண்டு, வெளிச்சம் மட்டுமே தெரியும் அளவுக்குப் பார்வை போனவர்களுக்கு உடனே ஜெல்லை அகற்றும் அறுவை பெரிதும் உதவியது. மூன்றாவதுதான் நாம் மனதில் எழுதிக்கொள்ள வேண்டியது. வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு வலி இல்லை. ஆனால் பார்வை மங்கல் 100க்கு 94 பேருக்கு இருந்தது. அறிகுறி தெரிந்தது சராசரியாக ஆறாம் நாள் வாக்கில்.

அமெரிக்காவில் இந்தத் தொற்றில் கிடைத்தது பெரும்பாலும் தோலில் வாழும் சாதுவான கிருமி. நம் நாட்டில் மண்ணிலும் நீரிலும் வாழும் கடுமையான கிருமிகளும் பூஞ்சையும் கூடுதலாகக் காணப்படுகின்றன. எது என்று சீக்கிரம் தெரிந்தால்தான் சரியான மருந்து. 1978ல் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயாவில், நுங்கம்பாக்கத்தில், நுண்ணுயிரியல் துறையினர் 1990களிலேயே பி.சி.ஆர். சோதனையை இதற்குப் பயன்படுத்தி ஆய்வு வெளியிட்டார்கள். கொரோனா காலத்தில் நாமெல்லாம் மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றோமே, அதே வகைச் சோதனை. கிருமி வளர நாள்கணக்கில் காத்திராமல் அதன் மரபணுத் துணுக்கை வைத்தே ஆளைப் பிடிக்கும் வழி.

மதுரையின் பேரேடு

இனி மதுரை. டாக்டர் ஜி. வெங்கடசாமி இளம் வயதிலேயே முடக்குவாத நோயால் விரல்கள் கோணிப்போனவர். அந்த நோய், உடலின் எதிர்ப்புப் படை சொந்த மூட்டுகளையே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது. அந்தக் கையால் கத்தி பிடிக்கப் பழகி லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 58 வயதில் அரசுப் பணி ஓய்வு. 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வது என்று யோசிக்கும் நம் போன்றவர்கள் அந்த ஒரு வரியைப் படித்தால் போதும். 1992ல் அவர்களுடைய ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. விலை இறங்கியது. முகாமில் வந்த ஏழைக்கும் லென்ஸ் கிடைத்தது.

ஆபரேஷன் முடிவில் கண்ணின் முன்னறைக்குள்ளேயே ஆன்டிபயாடிக் செலுத்திவிட்டால் தொற்று குறையும் என்று ஸ்வீடன் மருத்துவர்கள் 1990களிலிருந்து சொல்லி வந்தார்கள். 2007ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று, அப்படிச் செலுத்தாதவர்களுக்குச் சுமார் ஐந்து மடங்கு ஆபத்து என்று சொன்னது. ஆனாலும் உலகம் முழுக்கத் தயக்கம். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோயில் ஒரு மருந்தின் பலனைக் காட்ட வேண்டுமானால் லட்சக்கணக்கான ஆபரேஷன்களின் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு அரவிந்த் மருத்துவமனைகளிடம் இருந்தது.

டாக்டர் ஹரிப்ரியாவும் உடன் பணிபுரிந்தவர்களும் 2017ல் வெளியிட்ட ஆய்வு 6,17,453 ஆபரேஷன்களைப் பற்றியது. மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தாத 3,02,815 கண்களில் 214 பேருக்குத் தொற்று. செலுத்திய 3,14,638 கண்களில் 64 பேருக்கு. லட்சத்துக்கு 71 என்பது லட்சத்துக்கு 20 ஆனது. பழைய பழக்கத்தில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய விகிதமே தொடர்ந்திருந்தால் இரண்டாம் பிரிவில் சுமார் 222 பேருக்குத் தொற்று வந்திருக்கும். வந்தது 64. வித்தியாசம் 158 பேர். இது சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை அல்ல, நடைமுறைப் பதிவேட்டிலிருந்து எடுத்த கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படியும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது. உலகம் முழுவதும் கண் மருத்துவர்கள் இன்று மேற்கோள் காட்டும் எண்கள் இவை.

கவனியுங்கள், இந்த மருந்து நம் எதிர்ப்புப் படைக்குப் பதிலாக வந்ததல்ல. போர் மூளும் முன்பே கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சத்தைக் கண் தன் வழக்கமான அமைதியான முறையில் துடைத்துக்கொள்ள வழி செய்கிறது. படையே வர வேண்டாம் என்பதுதான் திட்டம்.

கணக்கில் சேர்க்க வேண்டிய இன்னொரு பக்கம்

பெருமையை மட்டும் எழுதினால் ஊர் வைத்தியரின் கணக்குப் போல ஆகிவிடும். 1986ல் உத்தரப் பிரதேசத்தில் குர்ஜா என்ற ஊரில் இலவசக் கண் முகாம் நடந்தது. அறுவை செய்துகொண்ட 108 பேரில் 88 பேர் கண்புரை நோயாளிகள். 84 பேருக்கு அறுவை செய்த கண் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. கண்ணைக் கழுவப் பயன்படுத்திய உப்புக் கரைசலில் கிருமி இருந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் கருத்து. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1989ல் தீர்ப்பு வந்தது. அரசு முதலில் கொடுத்த 5,000 ரூபாயோடு ஒவ்வொருவருக்கும் மேலும் 12,500 ரூபாய் தர உத்தரவானது. ஒரு கண்ணின் விலை 17,500 ரூபாய் என்று பேரேட்டில் எழுத எந்தக் குமாஸ்தாவுக்குக் கை வரும்?

நம் மாநிலத்திலும் நடந்தது. 2008ல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இலவச முகாமில் தேர்வு செய்யப்பட்டு, பெரம்பலூருக்கு அழைத்துச் செல்லப்பட்டு அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேர் பார்வை இழந்தார்கள்.

இமையிலிருந்து தப்பிப்போகும் நாலு கிருமியைக் கண் சமாளித்துவிடும். பாட்டில் திரவத்தோடு படையெடுத்து வரும் கிருமியை எந்த எதிர்ப்பு சக்தியும் சமாளிக்காது. அதைத் தடுப்பது மருத்துவமனையின் சுத்தம், பதிவேடு, பொறுப்பு. ஒருவருக்குத் தொற்று வந்ததுமே அடுத்த ஆபரேஷனை நிறுத்தி, எந்தப் பாட்டில், எந்தத் தட்டு என்று தேட முடிய வேண்டும். முகாமோ, பெரிய ஆஸ்பத்திரியோ, இதைக் கேட்பது நோயாளியின் உரிமை.

நாம் செய்யக் கூடியது

இந்த 200 ஆண்டுக் கதை சொல்வது இதுதான்: கண்ணுக்குள் போர் மூண்டுவிட்டால் யார் ஜெயித்தாலும் நஷ்டம் நமக்கு. மூளாமல் தடுக்க வேண்டும். மூண்டால் மணிக்கணக்கில் அடக்க வேண்டும். ஆகவே, உங்களில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருப்பவர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

சர்க்கரை இருந்தால் முன்கூட்டியே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சர்க்கரை கூடினால் வெள்ளை அணுக்களின் வேகம் குறையும். இமை ஓரத்தில் பொடுகு, கட்டி, கண்ணில் பீளை இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். தேதி தள்ளிப் போனால் போகட்டும். தொற்றைத் தடுக்க என்ன செய்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். சொட்டு மருந்துப் புட்டியின் நுனி இமையில் படக் கூடாது, ஒருவர் புட்டியை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் காலையில் நல்ல கண்ணை மூடிக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பாருங்கள். நேற்றைவிட இன்று தெளிவாகத் தெரிய வேண்டும். நேற்றுத் தெரிந்த தேதி இன்று மங்கினால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆபரேஷன் செய்த இடத்துக்கு உடனே போன் செய்யுங்கள். ராத்திரி பத்து மணி ஆகட்டும், ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும், தீபாவளி ஆகட்டும். “பிள்ளை ஆபீஸிலிருந்து வரட்டும்”, “இந்த நேரத்தில் டாக்டரைத் தொந்தரவு செய்வானேன்” என்று காத்திருப்பது நம் தலைமுறையின் நல்ல குணம். கண் விஷயத்தில் மட்டும் அந்த நல்ல குணம் வேண்டாம்.

தனியாக வசிக்கும் மூத்தவர்கள் நம் குடியிருப்பில் பலர் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் நடந்தால் முதல் இரண்டு வாரம் தினம் ஒரு முறை எட்டிப் பார்த்து, “காலண்டர் தேதி தெரியுதா மாமி?” என்று கேளுங்கள். தெரியவில்லை என்று சொன்னால், காரணம் விசாரித்துக்கொண்டு நிற்காமல் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.